வெந்நீரா, குளிர்நீரா: இலை, பூ ஊறல் எதில் நன்றாக இறங்கும்?

புதினா, துளசி, சீமைச் சாமந்தி (கெமோமில்) போன்ற மணமுள்ளவற்றுக்கு வெந்நீர்தான் சரி. 200 மி.லி. நீருக்கு உலர்ந்தது 1 தேக்கரண்டி, பச்சையானால் கிள்ளிப்போட்ட இலை 3 தேக்கரண்டி. நீர் கொதித்ததும் அடுப்பை அணைத்து, இலை மேல் ஊற்றி உடனே மூடுங்கள். மூடாவிட்டால் மணம் தரும் எண்ணெய் ஆவியோடு பறந்துவிடும். மூடியின் அடியில் துளிர்க்கும் நீரில்கூட அந்த மணம் இருக்கும், அதைக் கோப்பையிலேயே தட்டிவிடுங்கள். 5 முதல் 7 நிமிடத்தில் வடிகட்டிவிட வேண்டும். சாமந்தியை 15 நிமிடம் விட்டால் கசப்பு முந்திக்கொள்ளும். இலையை நீரோடு சேர்த்துக் கொதிக்கவிடுவதுதான் பலரும் செய்கிற தவறு. அது வேருக்கும் பட்டைக்கும் உரிய முறை.

குளிர்நீர் ஊறலுக்குப் பொறுமை வேண்டும். 1 லிட்டருக்கு 10 முதல் 15 கிராம் உலர்ந்த இதழ், மூடிய கண்ணாடிப் புட்டியில், குளிர்பெட்டியில் 8 மணி நேரம். துவர்ப்பு குறைவாக இறங்குவதால் சுவை மென்மையாக இருக்கும். புளிப்பான சிவப்புச் செம்பருத்திக்கு (ரோசெல் வகை) இதுவே என் தேர்வு. அலுமினியப் பாத்திரம் மட்டும் வேண்டாம், புளிப்பு அதை அரிக்கும்.

ஒரு எச்சரிக்கை: குளிர்நீர் கிருமிகளைக் கொல்லாது. எனவே சுத்தமான உலர் இதழ், கொதித்து ஆறிய நீர் இரண்டும் கட்டாயம். வெளியே ஊறவைக்காதீர்கள், வடிகட்டியதை 24 மணி நேரத்துக்குள் குடித்துவிடுங்கள்.