வால்வு பெரியப்பாவுக்கு, கேள்வி மட்டும் மாப்பிள்ளைக்கா? சேலம் ஆஸ்பத்திரி அனுபவம்

சேலத்தில் காலையில் டோக்கன் போட்டால் மதியம் எக்கோ (இதய ஸ்கேன்) ரிப்போர்ட் கையில். இங்கிலாந்தில் இதே சோதனைக்குக் கடிதம் எப்போது வரும் என்று வாரக்கணக்கில் வாசலைப் பார்க்க வேண்டும். அந்த விஷயத்தில் நம் ஊரை எங்கே வேண்டுமானாலும் பாராட்டுவேன். ஆனால் அந்த அவசரம், சிகிச்சையை விளக்க வேண்டிய கவுன்சலிங் ரூமுக்குள்ளும் வந்துவிட்டது, அதுதான் வயிற்றெரிச்சல்.

பெரியப்பாவுக்கு 62 வயது. ஏற்காட்டில் நாகலூர்ப் பக்கம் காபியும் மிளகும். மேடேறினால் மூச்சு வாங்கியது. இதயத்திலிருந்து உடம்புக்கு ரத்தம் வெளியேறும் அயோர்டிக் வால்வின் திறப்பு 0.7 சதுர சென்டிமீட்டராகச் சுருங்கியிருந்தது. 1-க்குக் கீழே போனாலே கடுமையான சுருக்கம். வால்வுக்கு முன்னும் பின்னும் உள்ள சராசரி ரத்த அழுத்த வேறுபாடு 52. அது 40-ஐத் தொட்டாலே கடுமைதான். மூச்சுத்திணறல் வந்தபின் சும்மா விட்டால் பலருக்கு இரண்டு மூன்று வருடங்கள்தான். ஆக, மாற்றியே ஆக வேண்டும். எந்த வால்வு என்பதுதான் கேள்வி. அதைக் கவுன்சலர் கேட்டது யாரிடம்? பெரியப்பாவின் மாப்பிள்ளையிடம்.

"மெட்டலா, டிஷ்யூவா? சொன்னீங்கன்னா எஸ்டிமேட் போட்டுடலாம் சார்." பெரியப்பா வெளியே நாற்காலியில், மடியில் ஆஞ்சியோ சிடி. "அவருகிட்ட சொல்லாதீங்க, பயந்துக்குவாரு" என்று அண்ணன் வேறு. சம்மதப் படிவத்திலும் அண்ணன் கையெழுத்தே போதும் என்றார்கள்.

போதாது. தெளிவான நினைவோடு இருக்கும் வயதுவந்த நோயாளியின் சம்மதத்தை அவரிடமேதான் வாங்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2008-ல் சமீரா கோலி வழக்கில் சொல்லிவிட்டது. அந்த வழக்கில் பெற்ற தாய் கொடுத்த சம்மதமே செல்லவில்லை. இங்கிலாந்தில் 2015-ல் மான்ட்கோமரி தீர்ப்பு வந்தபிறகு, இந்த நோயாளிக்கு எந்த ஆபத்து முக்கியமோ அதை எடுத்துச் சொல்வது டாக்டரின் கடமை. சட்டம் இரண்டு ஊரிலும் இருக்கிறது. அங்கே நோயாளியை நாற்காலி போட்டு உட்காரவைக்கிறார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

50-லிருந்து 65 வயது வரை எந்த வால்வு என்பதை வயதை மட்டும் வைத்து முடிவு செய்யக் கூடாது, நோயாளியோடு பேசித்தான் முடிவு செய்ய வேண்டும் என்று அமெரிக்க இதயவியல் சங்கங்களின் 2020 வழிகாட்டியே சொல்கிறது. மெட்டல் வால்வு பொதுவாக ஆயுசுக்கும் தாங்கும். திருவனந்தபுரத்தில் உருவாகி, 1990-லிருந்து பொருத்தப்பட்டு வரும் சித்ரா வால்வும் இந்த வகைதான். ஆனால் ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரினோ அசிட்ரோமோ கடைசிவரை விழுங்க வேண்டும். ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். அளவு பொதுவாக 2-க்கும் 3-க்கும் நடுவில் நிற்க வேண்டும். குறைந்தால் வால்வில் ரத்தம் கட்டும், பக்கவாதம் வரலாம். கூடினால் சின்ன அடிக்கும் ரத்தம் நிற்காது. ஆரம்பத்தில் சில நாட்களுக்கு ஒருமுறை, அளவு நிலைத்தபின் மாதம் ஒருமுறை ரத்தப் பரிசோதனை. முட்டி வலிக்கு மெடிக்கல் ஷாப்பில் டைக்ளோஃபெனாக் வாங்கிப் போடும் பழக்கம் அன்றோடு நிற்க வேண்டும். வயிற்றுப்போக்குக்குத் தரும் மெட்ரோனிடசோலே ஐ.என்.ஆரை ஏற்றிவிடும். கீரையை விட வேண்டியதில்லை. ஆனால் ஒரு வாரம் தினமும் முருங்கைக்கீரை, அடுத்த வாரம் துளிகூட இல்லை என்றால் அளவு ஆட்டம் போடும்.

டிஷ்யூ வால்வென்றால் பெரும்பாலும் மூன்று முதல் ஆறு மாதம் வரைதான் அந்த மாத்திரை, பிறகு ஆஸ்பிரின். ஆனால் சுமார் 10 முதல் 15 வருடத்தில் தேய்ந்துவிடும். அப்போது பழைய வால்வுக்குள்ளேயே தொடை ரத்தக்குழாய் வழியாகப் புதியதை வைக்க முடியுமா என்பது இன்று வைக்கும் அளவைப் பொறுத்தது. 19 மில்லிமீட்டர் வைத்தால் பிற்பாடு இடம் நெருக்கடி. 23 என்றால் வசதி. "என்ன சைஸ் வைப்பீங்க, சின்னதா இருந்தா வால்வு உட்கார்ற வேரை அகலப்படுத்துவீங்களா?" என்று சர்ஜனை முன்கூட்டியே கேட்கலாம். இன்னொன்றையும் யாரும் சொல்லவில்லை: அந்த டிஷ்யூ மாட்டின் இதய உறையிலிருந்தோ பன்றி வால்விலிருந்தோ வருவது. சிலருக்கு அது பொருட்டில்லை, சிலருக்கு உயிரே போனாலும் வேண்டாம். சொல்லாமல் வைப்பது அநியாயம்.

கடைசியில் பெரியப்பாவை உள்ளே கூப்பிட வைத்தோம். ஆபத்தையெல்லாம் சொன்னபோது அவர் பயந்ததாகத் தெரியவில்லை. "கண்ணு, மிளகு பறிக்க ஏணி ஏறலாமா? அத மட்டும் கேட்டுச் சொல்லு."

அந்த ஒரு கேள்வியில் பாதி முடிவு வந்துவிட்டது. சில்வர் ஓக் மரத்தில் ஏணி சாய்த்து ஏறுகிறவர், ரத்தம் இளக்கும் மாத்திரையோடு விழுந்தால் தலைக்குள் ரத்தக்கசிவு. இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கித்தான் அவசர சிகிச்சை. இங்கிலாந்தில் விரல் நுனியில் குத்தி வீட்டிலேயே ஐ.என்.ஆர். பார்க்கும் கருவி சிலரிடம் உண்டு. நாகலூரில் அதற்கும் மலை இறங்க வேண்டும். இன்னொரு சிகிச்சை வந்தாலும் வரட்டும், ஏணியை விட மாட்டேன் என்று டிஷ்யூவைத் தேர்ந்தெடுத்தார். டவுனில் லேப் பக்கத்தில் குடியிருந்து, நெஞ்சில் மறுபடி கத்தி வேண்டவே வேண்டாம் என்கிற இன்னொரு 62 வயதுக்காரருக்கு மெட்டல்தான் சரியாக இருக்கும்.

முன்பு செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் குடும்ப டாக்டர் இருந்தால், நாம் வாயைத் திறக்கும் முன்பே இவர் மரம் ஏறுகிறவர் என்று அவருக்குத் தெரிந்திருக்கும். இப்போது ஃபைலில் அந்த வரி இல்லை, நாமேதான் சொல்ல வேண்டும். ஆபரேஷனுக்குப் பிறகு எழுந்திருக்க முடியாமல் போனால் வென்டிலேட்டரில் எத்தனை நாள், யார் முடிவெடுப்பது என்பதையும் நோயாளியே சொல்லட்டும். இப்படி முன்கூட்டியே எழுதி வைப்பதற்கான விதிகளை உச்ச நீதிமன்றம் 2023-ல் திருத்திய பிறகு இரண்டு சாட்சிகளோடு நோட்டரி முன் எழுதி வைத்தாலே அது செல்லும்.

அட்மிஷனுக்கு முந்தின நாளே சர்ஜனிடம் நேரம் கேளுங்கள்; ஓ.பி. முடிந்து மாலையில் கேட்டால் பொறுமையாகப் பேசுகிறார்கள். பல் டாக்டரையும் அதற்கு முன்பே பார்த்துவிடுங்கள். சொத்தைப் பல்லிலிருந்து கிருமி புது வால்வில் போய் உட்கார்ந்தால் மெட்டல், டிஷ்யூ இரண்டுக்குமே ஆபத்து.