100 வாட் வால்வு ஆம்ப்ளிஃபையர்: இரண்டு கேடி88-ஆ, நான்கு இஎல்34-ஆ?

சேனலுக்கு 100 வாட் தரும் வால்வு (வெற்றிடக் குழாய்) ஆம்ப்ளிஃபையரைச் சொந்தமாகக் கட்ட முனைபவர் முதலில் முடிவு செய்ய வேண்டியது, ஒலி அலையின் இரு பாதிகளை இரு பக்க வால்வுகள் பகிர்ந்துகொள்ளும் புஷ்-புல் அமைப்பில் இரண்டு கேடி88 வால்வுகளைப் போடுவதா, பக்கத்துக்கு இரண்டாக நான்கு இஎல்34 வால்வுகளைப் போடுவதா என்பதைத்தான். 1961-இல் வெளிவந்த மெக்கின்டாஷ் எம்சி275, சேனலுக்கு இரண்டு கேடி88 கொண்டு 75 வாட் தந்தது. நான்கு இஎல்34 அமைப்போ மார்ஷலின் 100 வாட் கிட்டார் ஆம்ப்ளிஃபையர்களால் பெயர் பெற்றது.

உண்மையான வேறுபாடு மின்னழுத்தத்தில் இருக்கிறது. ஏறத்தாழ 560 வோல்ட் கொடுத்தால் கேடி88 இணை ஒன்று அல்ட்ராலீனியர் முறையிலேயே (வால்வின் திரை கிரிட்டை வெளியீட்டு டிரான்ஸ்ஃபார்மரின் இடை இணைப்பான டேப்பில் சேர்ப்பது) 100 வாட்டை எட்டிவிடும். நான்கு இஎல்34 வால்வுகளும் 430 வோல்ட் அளவிலேயே 100 வாட்டைத் தரும். ஆனால் அதற்கு அவற்றைப் பென்டோடு முறையில், அதாவது திரை கிரிட்டுக்கு நிலையான அழுத்தம் கொடுத்து, ஓட்ட வேண்டும். அம்முறையில் வெளியீட்டு மின்மறுப்பு உயர்வதால் ஸ்பீக்கர் கூம்பின் மீதுள்ள பிடி தளர்ந்து, தாழ்சுரங்கள் தொளதொளவென்று ஒலிக்கும். எதிர்ப் பின்னூட்டத்தைக் கூட்டி அதைச் சரிசெய்யலாம் என்றாலும், வெளியீட்டு டிரான்ஸ்ஃபார்மர் சுமாரானதாக இருந்தால் ஆம்ப்ளிஃபையர் உள்ளீடு இல்லாமலே தானாக அலைவுறத் (ஆசிலேட்) தொடங்கிவிடும். கிட்டாருக்குப் பென்டோடு முறை பொருந்தும். வீட்டில் இசை கேட்பதற்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

கேடி88-க்குரிய 560 வோல்ட்டுக்கு விலை உண்டு. மின்தேக்கிகளை இரண்டிரண்டாகத் தொடரில் இணைத்து, ஒவ்வொன்றின் குறுக்கும் சமன்படுத்தும் மின்தடை போட வேண்டும். 220 மைக்ரோஃபாரட் மின்தேக்கிகள் இரண்டையும் 220 கிலோ ஓம் மின்தடைகள் இரண்டையும் வைத்துக் கணக்கிட்டால், மின்சாரத்தை நிறுத்திய பிறகும் அழுத்தம் 40 வோல்ட்டுக்கு இறங்க இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆகும். மீட்டரில் அளந்து பார்க்காமல் உள்ளே கை வைப்பது உயிரோடு விளையாடுவதாகும். வால்வின் உள்ளீட்டு முனையான கிரிட்டின் மின்தடையையும் 100 கிலோ ஓமுக்குள் வைக்க வேண்டியிருப்பதால், அதை இயக்கும் டிரைவர் நிலை வலுவாக இருக்க வேண்டும்.

இஎல்34-இன் தொல்லை வேறு வகையானது. ஒத்த இயல்புள்ள நான்கு வால்வுகள் என்று விற்கப்பட்ட தொகுப்பை ஒரே பயஸ் திருகில் (வால்வின் ஓய்வு மின்னோட்டத்தைச் சரிசெய்யும் திருகு) ஓட்டியபோது, அரை மணி நேரத்தில் ஒரு வால்வின் ஆனோடு ஓரத்தில் மங்கிய செம்மை படர்வதை விளக்கணைத்த அறையில் கண்டேன்; அந்த வால்வில் மட்டும் மின்னோட்டம் மிகுந்து ஆனோடு சூடேறியதன் அடையாளம் அது. அன்று முதல் ஒவ்வொரு வால்வுக்கும் தனிப் பயஸ் திருகும், கேத்தோடில் 10 ஓம் மின்தடையும் வைக்கிறேன்; அதன் குறுக்கே 0.4 வோல்ட் காட்டினால் 40 மில்லி ஆம்பியர் பாய்கிறது என்று பொருள். ஹீட்டருக்கும் நான்கு இஎல்34 சேர்ந்து 6 ஆம்பியர் கேட்கும். இரண்டு கேடி88-க்கு 3.2 ஆம்பியர் போதும்.

உயர் அழுத்தத்தில் கை பழகியவருக்குக் கேடி88-தான் சரியான தேர்வு. முதல் முறையாகப் பெரிய ஆம்ப்ளிஃபையர் கட்டுபவர் நான்கு இஎல்34 வால்வுகளை 43 சதவீத டேப் உள்ள டிரான்ஸ்ஃபார்மரோடு அல்ட்ராலீனியராக ஓட்டி, சுமார் 70 வாட்டோடு நிறைவடையலாம். அதற்கு 500 வோல்ட் தாங்கும் மின்தேக்கிகளே போதும். 100 வாட்டுக்கும் 70 வாட்டுக்கும் இடையே காது உணரும் வேறுபாடு வெறும் ஒன்றரை டெசிபெல்தான்.