50 சதவீத ஸ்காலர்ஷிப் என்று சொல்லி ரூ.3,40,000 வாங்கிவிட்டார்கள்: குமரி மாவட்டத்துக்காரர்கள் கவனம்

பிள்ளைகளை வெளிநாட்டில் படிக்க வைக்க நினைக்கிற நம்ம மாவட்டத்துக்காரர்கள் தயவுசெய்து இதை முழுசாகப் படியுங்கள். யூகே படிப்புக்கு என்று கொடுத்த எங்கள் பணம் ரூ.3,40,000 போயிருக்கிறது. போய்விட்டது என்று உறுதியாகி இன்னும் மூன்று நாள் ஆகவில்லை. கன்சல்டன்சிக்குள் கால் வைக்கும் முன் பார்க்க வேண்டியதை எல்லாம் கடைசியில் பட்டியலாகத் தருகிறேன்.

இடத்தின் பெயரைப் போடவில்லை. புகார் நடக்கும்போது அது அவர்களுக்கே சாதகமாகிவிடக் கூடாது. நாகர்கோவிலில் இருந்து மார்த்தாண்டம் வரைக்கும் ஐஇஎல்டிஎஸ் கோச்சிங், அட்மிஷன், விசா மூன்றையும் ஒரே மாடியில் நடத்துகிற கன்சல்டன்சிகள் வரிசையாக இருக்கின்றன. அதில் ஒன்று. ஏசி ரூம், சுவர் முழுக்க திருவனந்தபுரம் ஏர்போர்ட்டில் டிராலியோடு சிரிக்கிற பிள்ளைகளின் போட்டோ. இந்த அடையாளம் போதும்.

வாங்கிய கணக்கு இது. பதிவுக் கட்டணம் ரூ.15,000, ரொக்கம். "ஸ்காலர்ஷிப் பிராசசிங்" ரூ.1,25,000, ஜிபேயில் ஒரு நாள் 75,000, மறுநாள் 50,000. "யுனிவர்சிட்டி டெபாசிட்டில் முதல் பகுதி" ரூ.2,00,000, நெஃப்ட். மொத்தம் ரூ.3,40,000. இதில் ஒரு பைசா கூட யூகே போய்ச் சேரவில்லை.

நம்ப வைத்த விதத்தைத்தான் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். முதல் நாள் பணமே கேட்க மாட்டார்கள். மார்க் லிஸ்ட்டைப் பார்த்து, "இந்த மார்க்குக்கு 50 பர்சன்ட் ஸ்காலர்ஷிப் உறுதி" என்பார்கள். பிறகு யூகே-யில் லெஸ்டர் நகரத்தில் இருக்கிற ஒரு பையனுக்கு வாட்ஸ்அப்பில் வீடியோ கால். "நானும் இவங்க மூலமாத்தான் வந்தேன், ஒரு பிரச்சினையும் இல்ல" என்று அவன் சொல்லுவான். போனை வைத்ததும் கவுன்சிலர், "அம்மா, ஒண்ணுக்கும் பயப்படாண்டாம். நம்ம ஊரு பிள்ளைய நாங்க விட்டுருவோமா?" என்பார். அந்த ஒரு வார்த்தையில்தான் வீட்டு நகை அடகுக் கடைக்குப் போனது. பிளாஸ்டிக் ஃபோல்டரில் கலர் பிரின்ட் எடுத்த ஸ்காலர்ஷிப் கடிதம் நாலாம் நாள் கைக்கு வந்தது.

அந்தக் கடிதத்தைப் பற்றி விவரமாகச் சொல்கிறேன், இதே போல ஒன்று இப்போது உங்கள் வீட்டு அலமாரியிலும் இருக்கலாம். பல்கலைக்கழகத்தின் உண்மையான ஆஃபர் லெட்டரில் கட்டணம் 16,500 பவுண்டு, இந்திய மாணவர் சலுகை 3,000 கழித்து 13,500 என்று இருந்தது. கன்சல்டன்சி தந்த தனிக் கடிதத்தில் 50 சதவீதம் கழித்து 8,250. இரண்டுக்கும் வித்தியாசம் 5,250 பவுண்டு. பவுண்டு 115 ரூபாய் என்று வைத்தாலே ஆறு லட்சத்துக்கு மேல். பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கண்ணுக்கே தெரிகிறது: லோகோவின் ஓரம் மங்கல், பவுண்டு குறி எண்ணுக்குப் பின்னால் போடப்பட்டிருக்கிறது, மாணவர் எண்ணில் ஒரு இலக்கம் குறைவு, கையெழுத்துப் போட்டவர் பெயரே இல்லாமல் "ஸ்காலர்ஷிப் டிபார்ட்மென்ட்" என்று மட்டும். ஆனால் ஆஃபர் லெட்டரை அவர்கள் அன்று காட்டவே இல்லை. அது பிறகு நாம் கேட்டு வாங்கியது.

இதில் அடிப்படையான விஷயம் ஒன்று. யூகே பல்கலைக்கழகங்களில் இப்படிப்பட்ட கட்டணச் சலுகை பெரும்பாலும் தகுதி உள்ள எல்லா இந்திய மாணவருக்கும் தானாகவே கிடைக்கிற ஒன்று. தனி விண்ணப்பம் கூட பல இடங்களில் கிடையாது. ஆஃபர் லெட்டரிலேயே கழித்துத்தான் அனுப்புவார்கள். அதை வாங்கித் தருவதற்குக் கட்டணம் என்று ஒன்று இருக்கவே முடியாது. ஒப்பந்தம் உள்ள ஏஜென்டுக்கு மாணவர் சேர்ந்த பிறகு முதல் ஆண்டுக் கட்டணத்தில் ஒரு பங்கை பல்கலைக்கழகமே கமிஷனாகக் கொடுக்கிறது. அதனால் நம்மிடம் வாங்குகிற 1,25,000 எதற்கும் கணக்கு இல்லாத பணம்.

அடுத்தது மெயில். விண்ணப்பம் போட்டபோது கன்சல்டன்சியே புதிதாக ஒரு மெயில் ஐடி உருவாக்கி அதைக் கொடுத்திருக்கிறது. பாஸ்வேர்டு அவர்களிடம். பல்கலைக்கழகம் அனுப்பின கடிதம், டெபாசிட் நினைவூட்டல், கடைசித் தேதி எல்லாம் அந்த மெயிலுக்குத்தான் போயிருக்கிறது. பிள்ளைக்கு வந்ததெல்லாம் அவர்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பிய பிடிஎஃப் மட்டும். நடுவில் உட்கார்ந்து எதைக் காட்டுவது, எதை மறைப்பது என்று அவர்களால் தீர்மானிக்க முடிந்தது இதனால்தான். மொத்த ஏமாற்றுக்கும் சாவி அந்த மெயில்.

மூன்றாவது, பணம் போன வழி. வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துக்கு நம்ம பேங்கில் இருந்து நேராகவே பணம் அனுப்பலாம். பான் கார்டு, பாஸ்போர்ட், ஆஃபர் லெட்டர் கொண்டுபோனால் வெளிநாட்டுக்குப் பணம் அனுப்புவதற்கான ஏ2 ஃபார்ம் தருவார்கள். படிப்புக் கட்டணத்துக்கான காரணக் குறியீடு எஸ்0305. பணம் போனதும் ஸ்விஃப்ட் காப்பி, அதாவது பணம் போனதற்கான பேங்க் அத்தாட்சி, கேட்டு வாங்க வேண்டும். அதில் பல்கலைக்கழகத்தின் பெயரும் மாணவர் எண்ணும் இருக்கும். இங்கே ரூ.2,00,000 போனது ஏதோ "எண்டர்பிரைசஸ்" என்ற பெயரில் இருக்கிற உள்ளூர் கரன்ட் அக்கவுன்டுக்கு. யூகே-யில் கட்ட வேண்டிய ஃபீஸை இங்கே ரூபாயில் ஒரு தனியார் கணக்கில் போடச் சொன்னால் அந்த இடத்திலேயே எழுந்து வந்துவிட வேண்டும். அன்று அதைச் சொல்ல பக்கத்தில் ஆள் இல்லை.

டெபாசிட் கட்டினால்தான் காஸ் (சிஏஎஸ், விசாவுக்காகப் பல்கலைக்கழகம் தருகிற சேர்க்கை உறுதி ஆவணம்) வரும். காஸ் இல்லாமல் ஸ்டூடன்ட் விசாவுக்கு விண்ணப்பிக்கவே முடியாது. காஸ் எங்கே என்று கேட்க ஆரம்பித்த பிறகு வந்த பதில்களை வரிசையாக எழுதுகிறேன். முதலில் "யூகே-யில பேங்க் ஹாலிடே". ஒரு வாரம் கழித்து "யுனிவர்சிட்டி சர்வர் டவுன்". அப்புறம் "மேனேஜர் திருவனந்தபுரம் போயிருக்காவ, வெள்ளிக்கிழமை வாங்க". வெள்ளிக்கிழமை போனால் ரிசப்ஷன் பெண் மட்டும் இருந்தார், தண்ணீர் கொடுத்து உட்கார வைத்தார், இரண்டு மணி நேரம். அடுத்த வாரம் கவுன்சிலர் வேலையை விட்டுவிட்டாராம். கடைசியில் போனை எடுத்த மேனேஜர், "ரசீதுல நான்-ரீஃபண்டபிள்னு தெளிவா போட்டிருக்கே, படிக்கலையா சார்?" என்றார். ரசீது என்பது இளஞ்சிவப்புக் கார்பன் தாள். ஜிஎஸ்டி எண் இல்லை. மூன்று தொகைக்கும் ஒரே வார்த்தை: "சர்வீஸ் சார்ஜ்". டெபாசிட் என்று வாங்கிய இரண்டு லட்சத்துக்கும் அதே வார்த்தை! அன்று மாலையே மாணவர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் அட்மின் மட்டும் எழுதலாம் என்று மாற்றிவிட்டார்கள்.

பல்கலைக்கழகத்தின் அட்மிஷன் பிரிவுக்கு பாஸ்போர்ட் எண், பிறந்த தேதி கொடுத்து சொந்த மெயிலில் இருந்து எழுதினோம். இரண்டு நாளில் பதில் வந்தது. டெபாசிட் வரவில்லை, கடைசித் தேதி முடிந்தது, அந்த 50 சதவீதக் கடிதம் தாங்கள் கொடுத்தது அல்ல. ஒரு மெயிலில் ரூ.3,40,000 முடிந்தது.

இன்னும் பெரிய ஆபத்து ஒன்று இதற்குள் இருந்தது. விசா அதிகாரி பார்ப்பது காஸில் இருக்கிற கணக்கை. கட்டாத ஃபீஸ் முழுவதும், அதோடு லண்டனுக்கு வெளியே என்றால் மாதம் 1,171 பவுண்டு வீதம் 9 மாதச் செலவு, இரண்டும் தொடர்ந்து 28 நாள் பேங்க் கணக்கில் இருந்திருக்க வேண்டும். ஒரு நாள் குறைந்தாலும் விசா போகும். "ஸ்காலர்ஷிப் இருக்கே, எட்டாயிரம் காட்டினா போதும்" என்று அவர்கள் சொன்னதை நம்பிப் போயிருந்தால் கட்டாயம் ரிஜெக்ட். அந்தப் போலிக் கடிதத்தையும் சேர்த்து வைத்திருந்தால் மோசடி என்று சொல்லி 10 ஆண்டுகள் யூகே விசா கிடைக்காமல் போகலாம். தண்டனை கன்சல்டன்சிக்கு இல்லை, பிள்ளைக்கு. செலவுத் தாளிலும் பொய்தான்: ஐஎச்எஸ் (விசாவோடு கட்டுகிற யூகே மருத்துவச் சேவைக் கட்டணம்) 776 பவுண்டு என்று எழுதியிருந்தார்கள். அது ஒரு வருடக் கணக்கு. ஒரு வருடப் படிப்புக்கு விசா 12 மாதத்தைத் தாண்டித்தான் கொடுப்பார்கள், அதனால் ஒன்றரை வருடக் கணக்கில் 1,164 பவுண்டு கட்ட வேண்டும். விசா கிடைக்காவிட்டால் ஐஎச்எஸ் திரும்ப வரும். அதையும் "வராது" என்றே சொன்னார்கள்.

நம்ம பக்கத்துக் கிறிஸ்தவ, முஸ்லிம் குடும்பங்களிடம் "மைனாரிட்டி லோன் வட்டி மானியம் வாங்கித் தாறோம்" என்று ஒரு பேச்சும் ஓடுகிறது. படோ பர்தேஷ் என்கிற அந்த மத்தியத் திட்டம் 2022-23 முதல் நிறுத்தப்பட்டுவிட்டது. இல்லாத திட்டத்துக்கு ஃபார்ம் விற்கிறார்கள். உண்மையான உதவித்தொகை எதற்கும் இடைத்தரகர் வேண்டாம். யூகே அரசின் செவனிங் உதவித்தொகைக்கு விண்ணப்பக் கட்டணமே கிடையாது, ஆனால் சுமார் இரண்டு வருட வேலை அனுபவம் கேட்பார்கள். கிரேட் ஸ்காலர்ஷிப் குறைந்தது 10,000 பவுண்டு, அந்தந்தப் பல்கலைக்கழகத்திடமே நேராக விண்ணப்பிக்க வேண்டும். ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவர்களுக்குத் தமிழக அரசின் அண்ணல் அம்பேத்கர் அயலக உயர்கல்வித் திட்டம் இருக்கிறது, ஆண்டுக்கு 36 லட்சம் வரை. இவை எதையும் ஏசி ரூமில் உட்கார்ந்து ஒரு லட்சத்துக்கு விற்க முடியாது.

பட்டியல் தருகிறேன் என்றேன். நாளைக்குள் மனு டைப் செய்து முடிக்க வேண்டும், உட்கார்ந்து எழுத நேரமில்லை. அவசரத்துக்கு இவ்வளவுதான்: விண்ணப்பம் உங்கள் சொந்த மெயிலில் இருந்து போக வேண்டும், பாஸ்வேர்டு யாருக்கும் வேண்டாம். ஃபீஸ் பேங்க் வழியாகப் பல்கலைக்கழகத்தின் பெயருக்கு மட்டும். ஸ்காலர்ஷிப் ஆஃபர் லெட்டரில் இல்லையென்றால் அது இல்லை. பேங்க் ஸ்டேட்மென்டை "சரிசெய்து தாறோம்" என்றால் ஓடி வந்துவிடுங்கள்.

பணம் போய் 24 மணி நேரத்துக்குள் தெரிந்தால் சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு உடனே அடியுங்கள், கணக்கை முடக்க வாய்ப்பு உண்டு. எங்களுக்கு வாரக்கணக்கில் தாமதம், இருந்தாலும் பதிவு செய்தாயிற்று. நாகர்கோவில் நுகர்வோர் ஆணையத்தில், கன்சல்டன்சிக்குக் கொடுத்த பணம் 5 லட்சத்துக்குள் என்றால் புகாருக்குக் கட்டணம் இல்லை, இரண்டு வருடத்துக்குள் கொடுக்க வேண்டும். அதற்கான பேப்பரும் தயாராகிறது. திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் கூட்டத்தில் மனு கொடுக்கிறோம். தக்கலை, கருங்கல் பக்கத்தில் இன்னும் இரண்டு குடும்பம் இதே இடத்தில் பணம் கட்டியிருப்பது நேற்றுத்தான் தெரிந்தது. "சர்வீஸ் சார்ஜ்" என்று எழுதின அந்த இளஞ்சிவப்பு ரசீது உங்கள் வீட்டிலும் இருந்தால், இரண்டு ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு கலெக்டர் ஆபீஸுக்கு வாருங்கள். சேர்ந்தே கொடுப்போம்.