ஒரு காதில் யானை, மறு காதில் வயலின்: நாலு வருடப் பாட்டுத் தேடல்

2021 மார்கழியில் தொடங்கியது இது. வன்னியில் மல்லாவிப் பக்கம் எங்கள் வயலில் காலபோக நெல் குடலைப் பருவத்தில் நின்றது. இரவில் பன்றிக் காவல், சில நாள் யானைக் காவல். கொட்டிலில் விழித்திருக்கப் பாட்டு வேண்டும், துணைக்குப் போனில் ஒரு பாட்டுச் செயலி இருந்தது. எண்பதுகளின் சோடிப் பாட்டு ஒன்றைத் தெரியாமல் ஒரு நாள் கேட்டுவிட்டேன். பிறகு ஒரு மாதம் அந்தப் பாட்டின் ஒன்றுவிட்ட சகோதரங்களையே கொண்டுவந்து நிறுத்தியது அது. மனிதருக்கு அலுக்கும் என்பது அதற்குத் தெரியாது.

அதனால் வேறு வழி பிடித்தேன். எனக்குப் பிடித்த இசைக்காரருக்கு யாரைப் பிடிக்கும் என்று பார்ப்பது, அந்த ஆளிடம் போவது, அங்கிருந்து அடுத்த ஆளிடம். இன்றுவரை இதுதான் என் முறை.

முதல் ஆள் இளையராஜா. காரணம் பழையது. தொண்ணூறுகளில் வன்னிக்குள் பற்றரி வரத் தடை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, டைனமோவில் வயர் இழுத்து, சித்தப்பா பெடலைக் கையால் சுற்றுவார். அவர் களைத்தால் எஸ்.பி.பி.யும் களைப்பார். அவரிடமிருந்த கசெட்டுகளில் ஒன்று 1986 இல் வந்த இளையராஜாவின் 'ஹௌ டு நேம் இட்'. முழுக்க வாத்தியம். "இதிலை ஒருத்தரும் பாடேல்லையே சித்தப்பா" என்று சிணுங்குவோம். "சுத்துறவன் நான். நான் போடுறதுதான் கசெட்" என்பார்.

அந்தத் தொகுப்பைத் தியாகராஜருக்கும் பாக்குக்கும் இளையராஜா காணிக்கையாக்கியிருந்தார் என்பதைக் கொட்டிலில் படுத்துக்கொண்டுதான் வாசித்து அறிந்தேன். தியாகராஜரைத் தெரியும், பாக் யார்? பழைய காலத்து ஜேர்மன் இசையமைப்பாளராம். தொகுப்பில் 'ஐ மெட் பாக் இன் மை ஹவுஸ்' என்று ஓர் உருப்படி இருக்கிறது. அதற்குள் ஓடுவது பாக்கின் மூன்றாவது வயலின் பார்ட்டிட்டாவின் (நடன இசைத் துண்டுகளின் கோவை) தொடக்கப் பகுதி. மூலத்தைத் தேடினால், தனி வயலினுக்கென்றே அவர் ஆறு உருப்படிகள் எழுதியிருக்கிறார். அவர் கைப்படப் பிரதி செய்த ஆண்டு 1720. பக்கவாத்தியம் இல்லை, சுருதிப்பெட்டி இல்லை. ஒரே வயலின், கேட்டால் இரண்டு பேர் கதைத்துக்கொள்வதுபோல் இருக்கும். ஹெட்செட்டின் ஒரு பக்கத்தை மட்டும்தான் மாட்டுவேன், மற்றக் காது வேலிக்கு. அந்த அரைக் காதுக்கும் பாக் போதுமாக இருந்தார்.

இந்த முறையின் முதல் நன்மை இது. பாக்கைச் செயலி எனக்குக் காட்டியிருக்காது. காட்டியிருந்தாலும் பத்து விநாடியில் தள்ளிவிட்டிருப்பேன். இளையராஜா கைகாட்டியதால் பொறுமையாக இருந்தேன். மூன்றாம் தரம் கேட்கும்போதுதான் பிடித்தது.

குறைகளையும் சொல்ல வேண்டும். மேடையில் ஒரு இசைக்காரர் இன்னொருவரைப் புகழ்வதை அப்படியே நம்பாதீர்கள். பாதி மரியாதைப் பேச்சு. அப்படி இரண்டு பேரின் பின்னால் போய் டேற்றாவைக் கரைத்ததுதான் மிச்சம். பேட்டியில் சொல்வதைவிட, யாரைக் கூப்பிட்டுத் தன்னோடு வாசிக்க வைத்தார், யாரிடம் பாடம் கேட்டார், எதைக் காணிக்கையாக்கினார் என்று பார்ப்பதுதான் எனக்குச் சரிவந்தது. வாயால் புகழச் செலவில்லை. தன் இசைக்குள் ஒருவரை விடுவதற்கு மனம் வேண்டும்.

ரஹ்மானிடம் இதைச் சோதித்தேன். 1997 இல் வந்த 'வந்தே மாதரம்' தொகுப்பில் பாகிஸ்தானின் கவ்வாலிப் பாடகர் நுஸ்ரத் பதே அலி கானைப் பாட வைத்திருக்கிறார். சரி என்று நுஸ்ரத்தைப் போட்டேன். கவ்வாலி என்கிற சூஃபிப் பக்திப் பாட்டு எப்படிப் போகும் என்று எனக்கு அப்போது தெரியாது. மெதுவாகத் தொடங்கி, கைதட்டு ஏறி, அவர் குரல் உச்சத்துக்குப் போன இடத்தில் ஹெட்செட் வயர் கழன்று சத்தம் வெளியே பாய்ந்தது. பக்கத்துக் கொட்டில் மாமா ரோச் லைட்டோடு வந்துவிட்டார். "என்ன மருமோன், ஆரும் வெருண்டு கத்துறாங்களோ?" பாட்டு என்றேன். கொஞ்சம் நின்று கேட்டார். "பன்றி வராது" என்றார்.

நுஸ்ரத்திலிருந்து இங்கிலாந்தின் ரொக் இசைக்காரர் பீட்டர் கேப்ரியல். 1989 இல் வந்த அவருடைய 'பேஷன்' தொகுப்பில் நுஸ்ரத்தின் குரல் இருக்கிறது. அதே தொகுப்பில் ஒரு வயலின், பெயர் ஷங்கர். யாரென்று பார்த்தால் எல். ஷங்கர். கிற்றார் ஜோன் மக்லாஃப்லின், தபேலா சாகிர் உசேன், கடம் விக்கு விநாயக்ராம் ஆகியோரோடு 'சக்தி' குழுவில் வாசித்தவர். வளர்ந்த இடம் யாழ்ப்பாணம்! தகப்பன் வி. லட்சுமிநாராயணா அங்கே சங்கீதம் படிப்பித்தவர். 1958 கலவரத்தோடு குடும்பம் இந்தியாவுக்குப் போய்விட்டது. எல். சுப்பிரமணியம் இவருடைய அண்ணன். பாகிஸ்தான், இங்கிலாந்து என்று சுற்றி, கடைசியில் ஆனையிறவு தாண்டிப் போகும் தூரத்தில் வந்து இறங்கியிருக்கிறேன். அன்றிரவு எனக்கு நித்திரையே வரவில்லை. காவல்காரனுக்கு அது நல்லதுதான்.

மூத்த அண்ணன் எல். வைத்தியநாதன். 1982 இல் வந்த 'ஏழாவது மனிதன்' படத்துக்கு இசை அவர்தான், பாரதி பாட்டுகளுக்கும் சேர்த்து. 'காக்கைச் சிறகினிலே' என்று யேசுதாஸ் பாடியதை அம்மா சுளகில் அரிசி புடைக்கும்போது எப்போதும் முணுமுணுப்பார். ஓடிப்போய் இவ்வளவையும் சொன்னேன். கல்லைப் பொறுக்கியபடியே, "அதுக்கு முந்தியும் அது நல்ல பாட்டுத்தானே" என்றார்.

எனக்குத் தோற்றுப்போன கிளையும் உண்டு. மக்லாஃப்லினிலிருந்து அவரைத் தன்னோடு வாசிக்க வைத்த ஜாஸ் ட்ரம்பெற்காரர் மைல்ஸ் டேவிஸ், அங்கிருந்து மைல்ஸோடு வாசித்த சாக்ஸபோன்காரர் ஜோன் கோல்ட்ரேன். 1965 இல் வந்த கோல்ட்ரேனின் 'எ லவ் சுப்ரீம்' அரை மணித்தியாலத்துக்குச் சற்றுக் கூட, ஒரே மூச்சில் கேட்கலாம், நல்ல பூசை மாதிரி. மகனுக்கு ரவி என்று பெயர் வைத்த அளவுக்கு அவர் சித்தார்க்காரர் ரவி ஷங்கரை மதித்தவர் என்பதும் பிடித்திருந்தது. ஆனால் மைல்ஸின் 'பிட்ச்சஸ் ப்ரூ' எனக்கு ஏறவில்லை. மூன்று தரம் போட்டேன். நாலாந்தரம் போட வேண்டும் என்று ஆசையும் இல்லை. பெரியவர்களுக்குப் பிடித்ததெல்லாம் நமக்கும் பிடிக்க வேண்டும் என்று கட்டாயமா என்ன?

செலவு பெரிதில்லை. இரவு டேற்றாவில் இறக்கி வைத்துவிட்டால் வயலில் சிக்னல் இல்லாவிட்டாலும் கேட்கலாம். 2022 பங்குனிக் கடைசியில் நாடு முழுக்க நாளுக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் நின்ற நாட்களில் உழவு மெஷின் பற்றரியில் போனைச் சார்ஜ் போட்டேன். சித்தப்பா பார்த்துச் சிரித்தார்: "பெடல் சுத்தத் தேவையில்லை, உனக்குச் சுகம்." நேரம்தான் பெரிய செலவு. இந்த நாலு வருடத்தில் உண்மையில் என்னோடு தங்கியவர்கள் ஏழெட்டுப் பேர்தான். சமைக்கும்போது பின்னால் ஏதாவது ஓடினால் போதும் என்பவர்களுக்கு இது சரிவராது.

போன வருடம் வேறொரு திருத்தம் செய்தேன். பெரிய பெயர்தான் வேண்டும் என்றில்லையே. எங்கள் கோயில் திருவிழாவுக்கு வரும் தவில்காரரிடம், பூசை முடிந்து தேத்தண்ணி குடிக்கும்போது, "அண்ணை, நீங்கள் ஆரைக் கேக்கிறனீங்கள்?" என்று கேட்டேன். யோசிக்கவே இல்லை. "தெட்சணாமூர்த்தி. வேறை ஆர்?" 1975 இல் காலமான தவில் மேதை யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தியைப் பெயரளவில்தான் தெரியும். பழைய ஒலிப்பதிவு, இரைச்சல் அதிகம். இரைச்சலுக்குப் பின்னால் அந்த விரல்கள் போகும் வேகத்தைப் பிடிக்க முதலில் காது திணறியது. இப்போது வாரம் ஒரு தரமாவது போடுகிறேன்.

அன்று அவர் திருப்பிக் கேட்டார்: "நீர் என்ன கேக்கிறனீர்?" ஹெட்செட்டைக் கொடுத்து 'சக்தி'யைப் போட்டேன், விக்கு விநாயக்ராமின் கடம் வரும் இடம். தவில் கூடு போட்ட விரல்கள் முழங்காலில் மெல்லத் தட்டத் தொடங்கின. தேத்தண்ணி ஆறிப்போனது. முடிந்ததும் ஹெட்செட்டைக் கழற்றாமலே, "உதை வட்ஸ்அப்பிலை போட்டு விடும்" என்றார்.