தவறிய டிசம்பர் 31: தாமதமாகப் புதுப்பிப்பதா, ஒப்படைத்துவிடுவதா?

இலங்கையில் 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன்கள் கட்டளைச் சட்டத்தின் கீழான கைத்துப்பாக்கி அனுமதிப்பத்திரம் டிசம்பர் 31ஆம் திகதியுடன் காலாவதியாகிவிடும். அதன் பின்னர், அலுமாரிக்குள் பூட்டி வைத்திருந்தாலும், அந்தத் துப்பாக்கி அனுமதியற்ற ஆயுதமே.

தாமதமாகப் புதுப்பிக்க விரும்புபவர், பழைய பத்திரத்தையும் தாமதத்துக்கான உண்மையான காரணத்தை விளக்கும் கடிதத்தையும் பாதுகாப்பு அமைச்சிடம் சமர்ப்பித்து, தமக்கு இன்னமும் உயிராபத்து உண்டென்பதைக் காட்ட வேண்டியிருக்கும். சுகவீனமுற்று வைத்தியசாலையில் இருந்தவருக்கு இவ்வழி நியாயமானது. ஆனால் முடிவு அமைச்சின் கையிலேயே உள்ளது. தற்பாதுகாப்புக்காக வழங்கப்பட்ட ஆயுதங்களை மீள ஒப்படைக்குமாறு 2024 நவம்பரில் அமைச்சே கோரியதையும் மறத்தலாகாது.

ஒப்படைப்பது எளிது. எனினும், துப்பாக்கியைப் பையில் வைத்துக்கொண்டு கொழும்பின் காலி வீதியில் பஸ் ஏறுவது பெருந்தவறு. முதலில் சட்டத்தரணி ஒருவரிடம் ஆலோசனை பெற்று, பொலிஸ் நிலையத்துக்கு அறிவித்து, அவர்கள் கூறும் முறைப்படி கையளித்து, ஆயுதத்தின் தொடரிலக்கம் குறிக்கப்பட்ட பற்றுச்சீட்டைத் தவறாமல் பெற வேண்டும்.

கணவர் விட்டுச்சென்ற துப்பாக்கியுடன் வெள்ளவத்தையில் தனித்திருக்கும் ஒரு தாயாருக்கு, தயக்கமின்றி இரண்டாவது வழியையே பரிந்துரைப்பேன். பேரப்பிள்ளைகள் ஓடியாடும் வீடென்றால், ஒரு நாளும் தாமதிக்க வேண்டாம்.