ஒரே படமா, அரை நிமிடத் தொடரா? இதயத் தசையின் ரத்த ஓட்டத்தை அளக்கும் சிடி முறைகள்

சிடி ஆஞ்சியோகிராம் அறிக்கையில் '60 சதவீத அடைப்பு' என்று வந்துவிட்டால் வீட்டில் அனைவரும் கேட்பது ஒன்றுதான்: ஸ்டென்ட் வைக்க வேண்டுமா? அந்த அடைப்பைத் தாண்டித் தசைக்குப் போதிய ரத்தம் போகிறதா என்று தெரியாமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது. அதை அறியவும் சிடியிலேயே வழிகள் இருக்கின்றன.

எளிய வழி, ஒற்றைப் படம். அடினோசின் மருந்தை ஊசி வழியே செலுத்தி ரத்தக் குழாய்களை விரியவைத்து, அயோடின் சாயம் தசையில் நிறைந்திருக்கும் நொடியில் ஒருமுறை படம் எடுக்கிறார்கள். ரத்தம் குறைந்த இடம் கறுத்துத் தெரியும். கதிர்வீச்சும் குறைவு. 381 பேரைப் பரிசோதித்த கோர் 320 ஆய்வு இந்த வழியில்தான் நடந்தது. ஆனால் இதில் ஓர் ஆபத்து உண்டு. கறுப்பு என்று சொல்ல, பக்கத்தில் நன்றாக ஒளிரும் தசை வேண்டும். இதயத்துக்கு ரத்தம் தரும் மூன்று முக்கியக் குழாய்களும் ஒருசேரச் சுருங்கியிருந்தால் தசை முழுவதும் ஒரே மங்கலாகத் தெரியும். மிக மோசமான இதயமே சீராக இருப்பதுபோல் தோன்றிவிடும். சாயம் வந்து சேரும் நொடி சற்றுத் தவறினாலும் படம் ஏமாற்றும்.

இரண்டாவது வழி, தொடர் பதிவு. இதில் சுமார் 30 நொடிகள், ஓரிரு துடிப்புக்கு ஒரு படமாக, சாயம் தசைக்குள் ஏறும் வேகமே பதிவாகிறது. அதிலிருந்து 100 மில்லிலிட்டர் தசைக்கு நிமிடத்தில் எத்தனை மில்லிலிட்டர் ரத்தம் என்ற எண்ணே கிடைக்கிறது. மூன்று குழாய் நோயும், பெரிய குழாய்கள் சுத்தமாக இருந்தும் நுண்குழாய்கள் பழுதாகி நெஞ்சு வலிப்பவர்களின் துயரமும் இந்த எண்ணில் வெளிப்பட வாய்ப்புண்டு. "உங்களுக்கு ஒன்றுமில்லை" என்று திருப்பி அனுப்பப்பட்ட அத்தகையோரை நினைத்தே நான் இந்தப் பக்கம் சாய்கிறேன்.

இதற்கு விலையும் உண்டு. கதிர்வீச்சு பல ஆய்வுகளில் 9 மில்லிசீவர்ட் அளவுக்குப் போனது. குறைந்த மின்னழுத்தத்தில் எடுக்கும்போது அது இறங்குகிறது. அரை நிமிடம் மூச்சை அடக்குவது முதியவர்களுக்குக் கடினம். ஓட்டம் அதிகமாகும்போது சாயத்தின் ஒரு பகுதிதான் குழாயைவிட்டுத் தசைக்குள் கசிகிறது என்பதால், சிடி தரும் எண், கதிரியக்கப் பொருளைச் செலுத்தி ரத்த ஓட்டத்தை அளக்கும் பெட் ஸ்கேன் தருவதைவிடக் குறைவாகவே இருக்கும். பெட் ஸ்கேனுக்கு வகுத்த வரம்பை இங்கே அப்படியே பொருத்தினால், நல்ல தசையையும் நோயுற்றதாக எண்ணிவிடுவோம்.

மூன்றாவது வழி, கணினிக் கணக்கு. ஏற்கெனவே எடுத்த ஆஞ்சியோகிராமிலிருந்தே அடைப்புக்கு அப்பால் அழுத்தம் எவ்வளவு குறைகிறது என்று கணிக்கும் இம்முறைக்கு அமெரிக்கா 2014-இல் அனுமதி அளித்தது. அடினோசினும் வேண்டாம், இன்னொரு ஸ்கேனும் வேண்டாம். அடினோசின் ஒத்துக்கொள்ளாத ஆஸ்துமா உள்ளவருக்கு ஒரே ஓர் அடைப்பு என்றால் இதைத்தான் முதலில் கேட்பேன். குழாய்ச் சுவரில் சுண்ணாம்பு அதிகம் படிந்து படம் கலங்கியிருந்தால் கணக்கும் கலங்கும். அப்போது தசையையே நேரில் பார்க்க வேண்டும்.