செகண்ட் ஹேண்ட் டீசல் ஹேட்ச்பேக்: மீட்டரைப் பார்த்து மயங்காதீர்கள்

பழைய டீசல் ஹேட்ச்பேக் வாங்கலாமா என்று கேட்டால், தினமும் நீண்ட தூரம் ஓட்டுகிறவர் தாராளமாக வாங்கலாம், வாரத்துக்கு இரண்டு தடவை பக்கத்துக் கடைக்குப் போய்வர என்றால் வேண்டவே வேண்டாம் என்பேன். இழுவையும் மைலேஜும் அருமைதான். 1248 சிசி மல்டிஜெட் மாதிரி ஒரு சின்ன டீசல் இன்ஜின் 2000 ஆர்பிஎம்மைத் தாண்டியதும் தள்ளுகிற தள்ளு, டர்போ இல்லாத அதே அளவு பெட்ரோல் இன்ஜினில் கிடைக்காது. ஆனால் கெட்டால் கையைக் கடிக்கிற சாமான்களும் டீசலில்தான் அதிகம். டர்போ, டீசலைத் தெளிக்கிற இன்ஜெக்டர், ஹை பிரஷர் பம்ப், இன்ஜின் அதிர்வை அடக்குகிற டூயல் மாஸ் ஃப்ளைவீல், புகைக்கரியைப் பிடிக்கிற ஃபில்டரான டிபிஎஃப் என்று வரிசையாக நிற்கும்.

எல்லாரும் முதலில் மீட்டரைத்தான் பார்க்கிறார்கள். ஹைவேயில் ஒன்றரை லட்சம் ஓடிய டீசலை, ஊருக்குள்ளேயே ஐந்தைந்து கிலோமீட்டராக 40,000 ஓடிய டீசலைவிட நான் நம்புவேன். டிபிஎஃப்பில் சேர்கிற கரி எரிய ஏறக்குறைய 600 டிகிரி சூடு வேண்டும், அதற்கு வண்டி கொஞ்ச நேரம் சீராக ஓட வேண்டும். பாதியில் நிறுத்தி நிறுத்தி எடுத்தால் கரி அடைத்துக்கொள்ளும். அதோடு, அதை எரிக்கக் கூடுதலாகச் செலுத்தப்படும் டீசல் பல வண்டிகளில் சிலிண்டர் சுவர் வழியாக இறங்கி ஆயிலில் கலந்துவிடும். ஆயில் அளவு காட்டுகிற டிப் ஸ்டிக்கை இழுத்துப் பாருங்கள். அளவு மேல் கோட்டைத் தாண்டி, மோந்தால் டீசல் வாடை அடித்தால், "சர்வீஸில் கொஞ்சம் அதிகமாக ஊற்றிவிட்டார்கள் சார்" என்பதை நம்ப வேண்டாம். ஆயில் கறுப்பாக இருப்பது மட்டும் குற்றமில்லை, டீசலில் புது ஆயிலே சீக்கிரம் கறுத்துவிடும். பால் கலந்த மாதிரி இருந்தால்தான் பயப்பட வேண்டும், கூலண்ட் உள்ளே இறங்கியிருக்கலாம். அப்புறம், டிபிஎஃப் உள்ள வண்டி என்றால் சைலன்சர் குழாய்க்குள் விரலை விட்டுத் துடைத்துப் பாருங்கள். விரல் கறுத்தால் ஃபில்டர் உடைந்திருக்கும், அல்லது யாரோ அதைக் காலி செய்துவிட்டார்கள்.

இன்னொன்று, வண்டியைக் குளிர்ந்த நிலையில்தான் பார்க்க வேண்டும். ஸ்டார்ட் செய்யும் முன் பானெட்டில் கை வையுங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் உங்களுக்காக முன்கூட்டியே சூடேற்றி வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம், சரி, நாளைக்குக் காலையில் வருகிறேன் என்று கிளம்பிவிடலாம். குளிர்ந்த இன்ஜின் நீண்ட நேரம் சுற்றி, நடுங்கிக்கொண்டே ஸ்டார்ட் ஆனால் ஸ்டார்ட் ஆக உள்ளே சூடேற்றுகிற குளோ பிளக்கோ இன்ஜெக்டரோ போயிருக்கலாம். முதலில் லேசாக வெள்ளைப் புகை வந்து மறைந்தால் பரவாயில்லை. நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. ரேஸ் கொடுக்கும்போது கரும்புகை கொட்டினால் பெரும்பாலும் இஜிஆர் வால்வு (புகையில் கொஞ்சத்தைத் திரும்ப இன்ஜினுக்குள் விடுவது), கிழிந்த டர்போ ஹோஸ், இன்ஜெக்டர் மூன்றில் ஒன்று. இன்ஜெக்டர் உட்காருகிற இடத்தில் தார் மாதிரி கரி கட்டியிருந்தால் அடியில் உள்ள செம்பு வாஷர் கசிகிறது, இன்ஜினிலிருந்து 'சஃப் சஃப்' என்று சத்தமும் கேட்கும். ஐட்லிங்கில் ஆயில் மூடியைத் திறந்து பாருங்கள், லேசான ஆவி சகஜம், புகை குபுகுபுவென்று அழுத்தத்தோடு வந்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்த இன்ஜின், விலையே பேச வேண்டாம்.

ஓட்டும்போது நான்காவது கியரில் மெதுவாகப் போய் ஆக்சிலரேட்டரை முழுசாக மிதியுங்கள். ஆர்பிஎம் ஏறி வேகம் ஏறவில்லை என்றால் கிளட்ச் வழுக்குகிறது. நின்ற வண்டியில் ஐட்லிங்கில் கடகட சத்தம் வந்து, கிளட்சை மிதிக்கும்போது அது மாறினாலோ, இன்ஜினை அணைக்கும்போது உதறினாலோ ஃப்ளைவீல் மேல் சந்தேகப்படுங்கள். கிளட்ச் மட்டும் மாற்றினால் போதும் என்று சொல்லி விற்பவர்கள் இந்த ஃப்ளைவீலைப் பற்றி வாயே திறக்க மாட்டார்கள், செலவு அதில்தான் இருக்கிறது.

முன் சஸ்பென்ஷனையும் மறக்க வேண்டாம், டீசல் இன்ஜின் கனம் என்பதால் லிங்க் ராடு, லோயர் ஆர்ம் புஷ் சீக்கிரம் தேயும். பெரிய செலவில்லை, விலை குறைக்கக் கேட்க உதவும்.

கடைசியாக ஓபிடி ஸ்கேனர், வண்டியின் கம்ப்யூட்டரில் பதிவான கோளாறுகளைப் படிக்கிற கருவி. ஒரு எரர் கோடும் (error code) இல்லை என்று காட்டினால் சந்தோஷப்பட்டுவிடாமல், வண்டி தன்னைத்தானே செய்துகொள்ளும் சோதனைகள் முடிந்தனவா என்று காட்டுகிற ரெடினஸ் பக்கத்தையும் திறந்து பாருங்கள். எல்லாமே 'முடியவில்லை' என்று இருந்தால் சமீபத்தில் எரர் கோடுகளை அழித்திருக்கலாம். பேட்டரியைக் கழற்றினாலும் அப்படிக் காட்டும் என்று விற்பவர் சொல்வார், அதுவும் உண்மைதான். அப்படியானால் சில நாள் ஓட்டிவிட்டுத் திரும்ப ஸ்கேன் செய்து காட்டச் சொல்லுங்கள், அதுவரை அட்வான்ஸ் கொடுக்க வேண்டாம்.